கழுத்தைத் திருப்பாமல் ஒரு பரீட்சை

ஒரு கையால் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்து மாரடைப்புப் பாடம் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. நர்ஸ் வேலையில் சம்பளம் நின்றாலும் நிற்கும், படிப்பு மட்டும் நிற்காது.

நான் ஓரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். என் மூன்று வயது மகள் யாழினி பாதி நாள் என்னைத் தூக்கத்தில்தான் பார்ப்பாள். அப்போதுதான் எங்கள் டாக்டர் சொன்னார்: அவசர சிகிச்சைப் பாடத்தை ஆன்லைனில் மாதக் கடைசிக்குள் முடித்தால் நிரந்தரமாக ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் சாயந்திரம் வீட்டுக்கு! பன்னிரண்டு பாடம், ஒரு பரீட்சை, இரண்டே வாய்ப்பு. வாத்தியார் கிடையாது, நாமே படித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸே வகுப்பு

கம்பெனி பஸ்ஸில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது இயர்போன் செத்துப்போய், பாடம் சத்தமாகவே கிளம்பிவிட்டது. "பஸ் நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். முதலில் என்ன செய்வீர்கள்?" நான் அணைப்பதற்குள் முன் சீட்டிலிருந்து பேச்சி திரும்பினாள். திருநெல்வேலிப் பெண், அசெம்பிளி லைனில் வேலை. "எங்க ஊர்ல இரும்புச் சாவியல்லா கையில குடுப்பாவ!" என்றாள். பின் சீட்டில் ஒருவர் வெங்காயம் என்றார். டிரைவர் தண்ணீர் என்றார். பஸ் முழுக்கச் சண்டை. பதில் வருவதற்குள் கேட் வந்துவிட்டது.

மறுநாள் நான் ஏறி உட்காரக்கூட இல்லை, பேச்சி பிடித்துக்கொண்டாள்: "ஏக்கா, அந்த ஆளு பொழைச்சாரா இல்லியா? எனக்கு உறக்கமே வரல!"

சாவி எதற்கு?

அதன்பிறகு தினமும் பாடம் சத்தமாகவே ஓடியது. ஏழாம் பாடம் நடந்த வாரத்தில், லைனில் ஒரு பையன் நிஜமாகவே வலிப்பு வந்து விழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் எங்கள் பஸ் ஆட்கள் அங்கே இருந்தார்கள். கூட்டத்தை விலக்கியாயிற்று, தலைக்கு அடியில் மடித்த ஜாக்கெட், ஒருத்தர் வாட்சைப் பார்த்து நிமிஷம் எண்ணுகிறார். உடம்பு வெட்டி இழுப்பது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பேச்சி கையை நீட்டித் தடுத்தாள்.

"சார், அத பாக்கெட்ல போடுங்க. பூட்டுக்குத்தான் சாவி, மனுசனுக்கு இல்ல."

இரண்டாவது முகம்

பரீட்சைக்கு கேமரா வேண்டும். கம்பெனிக்குள் நுழையும்போதே செக்யூரிட்டி போன் கேமராவை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுவார். அதனால் வீட்டில்தான் எழுத வேண்டும். திரையில் என் முகம் மட்டுமே தெரிய வேண்டும் என்பது விதி. பதினோராவது கேள்வி வரை எல்லாம் சரிதான். யாழினி கட்டிலுக்கு அடியிலிருந்து முளைத்து என் கன்னத்தோடு கன்னம் வைத்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். 'வேறொருவர் உதவி செய்கிறார்' என்று பரீட்சை மூடிக்கொண்டது. ஒரு வாய்ப்பு போச்சு!

அழுகையும் சிரிப்புமாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறைமலை நகர் வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "பெத்த பொண்ணையே பிட்டுன்னு புடிச்சிடுச்சா அது?"

முருங்கைக்காய்க் குழம்பு

கடைசி வாய்ப்பு, ஞாயிற்றுக்கிழமை. அவர் யாழினியை வண்டியில் வைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய்விட்டார். கதவுக்குத் தாழ் போட்டேன். சிக்னலுக்காக ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. முகத்தைத் திருப்பினால் எச்சரிக்கை வரும், மூன்றாவது எச்சரிக்கையில் ஆட்டம் குளோஸ். பல்லியைப் பார்த்து ஒன்று, குக்கர் விசிலுக்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தேன். பதினெட்டாவது கேள்வியில் ஜன்னலில் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா, கையில் குழம்புக் கிண்ணம். பேசவும் முடியாது. திரைக்குக் கீழே கையை மட்டும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அக்கா நகரவே இல்லை.

"இன்னாடி, கூப்ட்டா திரும்பிகூட பாக்க மாட்டுற? கய்த்து சுளுக்கிக்கிச்சா? தைலம் எட்த்தாரட்டா?"

ஷிப்ட் சார்ட்

இருபதுக்குப் பதினேழு! வலிப்புக் கேள்வி இரண்டு வந்தது. பஸ்ஸில் போட்ட சண்டை காதிலேயே இருந்ததால் யோசிக்கக்கூட இல்லை. திங்கட்கிழமை சான்றிதழை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என் கண் முன்னாலேயே ஷிப்ட் சார்ட்டில் என் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்து ஜெனரல் என்று எழுதினார். குதிக்கத் தோன்றியது. யூனிஃபார்மில் இருந்ததால் குதிக்கவில்லை.

தானாகப் படிக்கும் படிப்பு என்று பெயர்தான், ஆனால் அதை முடிக்க ஒரு பஸ், ஒரு புருஷன், ஒரு ஏரிக்கரை எல்லாம் வேண்டியிருக்கிறது.

நான் கதவு வரை போன பிறகு டாக்டர் கூப்பிட்டார். எழுந்து வந்து, வெளியே யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், என் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க எனக்கும் இதே மாதிரி ஆறு பாடம் பாக்கி. ஒரு வருஷமா தொறக்கவே இல்ல. தினம் காலையில வந்ததும் 'படிச்சீங்களா'ன்னு கேளுங்க. இல்லன்னா ரெண்டு திட்டு திட்டுங்க, ப்ளீஸ்."