வலது கண் வளையத்தில் ஒரு ரோஸ் புள்ளி

புது ரப்பர் வாசனை... இன்றைக்கும் புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தால் எனக்கு அந்த பைனாகுலர்தான் ஞாபகம் வரும். பார்த்து முடித்ததும் கண்ணைச் சுற்றி வட்டமாக அச்சு விழுந்திருக்கும். ஆந்தை மாதிரி.

நித்யா என் சித்தி மகள். ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். நாங்கள் பத்தாவது முடித்த வருஷம் அது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நான் படிப்பை நிறுத்திவிட்டேன். அவள் பதினொன்றாவது சேர்ந்தாள்.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரோடு நட்சத்திரமும் சொல்வோம் இல்லையா... எனக்குக் கார்த்திகை, அவளுக்குப் பூசம். கார்த்திகை வெறும் கண்ணுக்கே கொத்தாகத் தெரியும். பூசம், எங்கள் தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அந்த ஒரு விஷயத்தில்தான் நான் அவளுக்கு மேல்.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த சித்தப்பா பைனாகுலர் வாங்க எங்களைத் தில்லை நகர் கடைக்குக் கூட்டிப்போனார்.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான். சண்டை போடக் கூடாது."

கடைக்காரர் எங்களை மொட்டை மாடிக்கே அழைத்துப்போய்க் காட்டினார். இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்று இருந்தது. எனக்கு அதன் மேல்தான் கண். வாய் திறந்து கேட்கக் கூச்சம். அதையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மலைக்கோட்டையைப் பாருடி," என்றாள் நித்யா.

பார்த்தேன். கோட்டை பெரிதாகத்தான் தெரிந்தது, ஆனால் என் கை நடுக்கத்தில் அதுவும் சேர்ந்து ஆடியது.

"பிள்ளையார் டான்ஸ் ஆடுறாரா?"

பத்து மடங்கு காட்டுவதை நீட்டினாள். முன்கண்ணாடி அகலமாக இருந்தது. கோட்டை ஆடாமல் நின்றது. "வானத்துக்கு இதுதாங்க நல்லது, வெளிச்சம் நிறைய உள்ள வரும்," என்றார் கடைக்காரரும். அதையே வாங்கினோம். அவள் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு வீடு வரைக்கும் எரிச்சல்.

மாசி மாதம். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மாடிக்கு ஓடினோம். மேற்கே கார்த்திகை... வெறும் கண்ணுக்கு ஆறு. பைனாகுலரில் எண்ண முடியவில்லை. என் நட்சத்திரம்! கர்வமாக இருந்தது.

அப்புறம் நித்யா போனில் வான மேப்பைப் பார்த்துக்கொண்டே தலைக்கு மேலே கிழக்குப் பக்கம் தேடினாள். கிடைத்துவிட்டது. நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத இடத்தில், கோலமாவு கைதவறிக் கொட்டின மாதிரி பூசம் சிதறிக் கிடந்தது.

"உன்னுதைவிட என்னுது அழகா இருக்குல்ல?"

"சுமார்தான்," என்றேன். அழகாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் சண்டை. பைனாகுலர் என் கழுத்தில் இருக்கும்போதே "கொடுடி, என் டர்ன்" என்று வாரைப் பிடித்து இழுப்பாள். அதில் வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் உண்டு. இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருந்தால் அதைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். எனக்கு வலது கண் கொஞ்சம் மந்தம். நான் வைத்ததை அவள் மாற்றுவாள், அவள் வைத்ததை நான் மாற்றுவேன். கடைசியில் என் கண்ணுக்குச் சரியான இடத்தில் ரோஸ் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன்.

"ஓஹோ... பட்டா போட்டுட்டியா?"

போன வருஷம் துவாக்குடியில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். பெட்டி கட்டும்போது, "ஹாஸ்டல் பக்கம் நல்ல இருட்டாம்டி, எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள். எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன். இப்போது நான் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் மார்க் ஷீட்டைக் காப்பி எடுக்கும்போதெல்லாம் போனில் அவள் போட்டோ வந்து விழும். ஹாஸ்டல் மாடி, வரிசையாகப் பெண்கள், நடுவில் எங்கள் பைனாகுலர். லைக் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

போன வாரம் லீவுக்கு வந்தாள். பையிலிருந்து அவள் எடுப்பதற்குள் நானே எடுத்துவிட்டேன். வளையத்தில் நீலம், சிவப்பு, பச்சை என்று புதிதாக மூன்று புள்ளிகள்.

"யாருது இதெல்லாம்?"

"ரூம்மேட்ஸ்டி. உன் புள்ளியைப் பாத்துட்டு அவளுங்களும் வெச்சுக்கிட்டாளுங்க. மூஞ்சி ஏன்டி இப்படிப் போகுது? பொறாமையா?"

"இல்லையே."

ரோஸ் புள்ளி பாதி உதிர்ந்திருந்தது. ரப்பர் வாசனையும் போய், வேறு யாருடைய பவுடர் வாசனையோ வந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போனோம். வளையத்தை ரோஸ் புள்ளிக்குத் திருப்பினேன். கார்த்திகை பளிச்சென்று வந்து நின்றது. அங்கிருந்து பூசத்துக்குப் போனேன்... மறுபடி கார்த்திகை... கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

நித்யா ஓரமாக உட்கார்ந்து ஹாஸ்டல் தோழியோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வார் என் கழுத்தில் சும்மா தொங்கியது. யாரும் இழுக்கவில்லை.