வீரபத்திரன் சொன்ன ‘ஸ்போசெரோ’

அருப்புக்கோட்டையில் பஞ்சு லோடு அடித்துக்கொண்டிருந்த வீரபத்திரன், 1944இல் பட்டாள லாரியோடு இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு மலைக்கிராமத்தில் அசுந்தா என்ற விதவை பட்டாளத்துத் துணியைக் கூலிக்கு வெளுத்துக் கொடுத்தாள். துவைத்தாச்சா என்று இவர் சைகையில் கேட்டபோதெல்லாம் ‘லவெரோ’ என்றாள். இனிமேல்தான் துவைப்பேன் என்று அர்த்தம். இவரோ துவைத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, துணி கொடியில் காய்கிறதாக்கும் என நாலு நாள் காத்திருந்தார்.

துவைப்பதற்கு அந்தப் பாஷையில் ‘லவாரே’. வாலில் உள்ள ‘ஆரே’யை நறுக்கிவிட்டு ‘எரோ’வை ஒட்டினால் செய்து முடித்தேன் என்றாகிவிடும் என்று அவராகவே இலக்கணம் கண்டுபிடித்தார். ஒட்டிய விதம் சரி. காலம்தான் தப்பு.

ஒரு மத்தியானம், முகாமில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போனவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள் அசுந்தா. ‘மஞ்செரோ’ என்றார். சாப்பிடுவேன் என்கிறானே என்று தட்டு நிறைய வைத்தாள். தின்று முடித்து, போதும் என்பதற்காக மறுபடி ‘மஞ்செரோ’ என்றார். மறுபடி வந்தது. ஒரு மாதத்தில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்துவிட்டன.

அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். திருச்சுழியில் இருக்கும் மனைவி பேச்சியை நினைத்து, நெஞ்சைத் தட்டி, ‘ஸ்போசெரோ’ என்றார் வீரபத்திரன். மறுநாள் போனால் அவள் புதுப் பாவாடையில் நிற்கிறாள். பக்கத்தில் பாதிரியார்.

கூட வந்திருந்த ஹவில்தார் மரியராஜுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். பாதிரியாரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

“ஏலே, கட்டிக்கிருவேன்னுல்ல சொல்லிருக்க. ‘ரோ’ன்னு முடிஞ்சா இனிமேத்தான் நடக்கும்.”

“அப்ப ஆயிருச்சுன்னு எப்படிண்ணே சொல்றது?”

“சோனோ ஸ்போசாத்தோ.”

வீரபத்திரன் கைகூப்பியபடி அதை மூன்று தரம் சொன்னார். அசுந்தா முறைத்தாள். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றோடு சாப்பாடும் நின்றுபோனது. இவருக்கு வருத்தமெல்லாம் அதில்தான்.

நாற்பத்தாறில் ஊர் திரும்பியவர், பேச்சியிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவளுக்கு என்ன வயசிருக்கும்?”

முப்பத்தைந்து இருக்கும்.

“எழுவதுக்கு மேல” என்றார் வீரபத்திரன்.

பேச்சி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்த வாரம் முழுக்கக் குழம்பில் உப்பு கூடுதலாகவே இருந்தது.