பூட்டிய கதவுக்குச் சொன்னேன்

எனக்கு அதிகம் எழுதத் தெரியாது. ஆனாலும் அம்மனை நம்புகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

போன மாசி. எங்கள் ஊர் கிரானில், வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டு நடந்தது. என் மனைவி யோகம்மா வயிறு பாரமாக இருக்கிறது என்றாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் பண்ணினார்கள். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டொக்டர் என்னிடம் சொன்னார். ஈரலில் ஒரு கட்டி. புற்றுநோயாகவும் இருக்கலாம். மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதற்கு மூன்று கிழமை பொறுக்க வேண்டும்.

அவளிடம் வாய்வு என்று சொன்னேன்.

எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்தில் ஒரு தடவை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் என்னால் பொறுக்க ஏலாது. வயலால் வருகிற வழியில் தினமும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறக்கிற அன்றைக்கு இவள் என் பக்கத்தில் நிற்க வேணும் தாயே. அவ்வளவுதான்.

வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. அவளுக்குக் குளிக்கத் தண்ணீர் அள்ளி வைத்தேன். முப்பது வருடத்தில் நான் அள்ளியதில்லை. நாலாம் நாள் அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாய்வுக்கு ஆரும் தண்ணி அள்ளித் தருவாங்களா? டொக்டர் என்ன சொன்னவரெண்டு சொல்லுங்க."

சொன்னேன். கோயிலில் நிற்பதையும் சொன்னேன். அவள் கிணற்றுக் கட்டில் போய்க் குந்தினாள்.

"தனியவா போய்க் கும்பிட்டீங்க? நாளைக்கு நானும் வாறன்."

அடுத்த நாள் முதல் இரண்டு பேரும் போனோம். அவள் கதவில் கை வைத்து நிற்பாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் இரண்டாவது ஸ்கேன். இந்தமுறை அவளையும் உள்ளே கூட்டிப்போனேன். புற்றுநோய் இல்லை என்றார் டொக்டர். சின்ன இரத்தக்குழாய்கள் சேர்ந்து திரண்ட கட்டியாம். கனபேருக்கு இருக்குமாம், இருப்பதே தெரியாதாம். வெட்டவும் வேண்டாம், ஊசியால் குத்திப் பார்க்கவும் வேண்டாம், ஆறு மாதத்தில் இன்னொருக்கால் பார்த்தால் போதுமாம். வயிற்றுப் பாரம் வாய்வுதானாம். விழுங்கக் குளிசை தந்தார். நான் சொன்ன பொய்யை அம்மன் உண்மையாக்கிவிட்டாள்.

கட்டி அங்கேயேதான் இருக்கிறது. பயம் போய்விட்டது.

வைகாசியில் கதவு திறந்தது. யோகம்மா என் பக்கத்தில் நின்றாள். சடங்கின் கடைசி நாள், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தியன்று, அவள் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அப்போதுதான் அழுதேன்.

வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டரின் முதல் சொல்லோடு மனம் உடைய வேண்டாம். வீட்டில் உள்ளவளிடம் ஒளிக்கவும் வேண்டாம். கதவு பூட்டியிருக்கிறதென்று அம்மனிடம் சொல்லாமல் திரும்ப வேண்டாம். அவளுக்குக் கேட்கும்.

இப்பவும் காலையில் தண்ணீர் அள்ளுகிறேன்.

"எனக்குத்தான் ஒண்டுமில்லயே. மறுகா என்னத்துக்குத் தண்ணி அள்ளுறீங்க?" என்று யோகம்மா சிரிப்பாள்.

வாளியை நிறைத்து வைத்துவிட்டு வயலுக்குப் போவேன்.