மீன்கள் பேசிய கேசட்டுகள்

குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்முக்குள் அண்ணன் ஒரு மைக்கை இறக்கியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்துக் கிடந்த தொண்ணூறுகள் அவை. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏலே, ஊரே தண்ணிக்குத் தவிச்சுக் கெடக்கு, ஒனக்கு மீனு பேசுறதக் கேக்கணுமாக்கும்!" அண்ணன் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தான். விடுமுறை விட்டால் போதும், ராமநாதபுரம் பக்கத்துப் பவளப்பாறைகளுக்குப் பஸ் ஏறிவிடுவான். கடலுக்குள் இறக்கும் அந்த மைக் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டு டிரம்தான் அகப்பட்டது.

மீன் என்றால் ஊமை என்று நினைத்திருந்தவள் நான். அவன் கேசட்டைப் போட்டுக் காட்டியபோது கதவைத் தட்டுவதுபோலவும் தேங்காய் துருவுவதுபோலவும் சத்தங்கள் வந்தன. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துச் சில மீன்கள் முனகுமாம்; சில பல்லோடு பல்லை மோதுமாம். பெண்மீனைக் கூட்டுக்கு அழைக்க ஒரு சத்தம், முட்டைப் பக்கம் வரும் மீனை விரட்ட வேறொரு சத்தம். வீட்டில் ஒரு ரெக்கார்டரில் ஓடவிட்டு, இன்னொன்றை எதிரில் வைத்துப் பிரதி எடுப்பான். அப்போது ஃபேன் ஓடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. தான் ஏதாவது பேச வேண்டியிருந்தால்கூட முதலில் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடுவான். "எங்குரலு குறுக்க வந்தா மீனு சொல்றது கெட்டுப்போகும்" என்பான். எங்களுக்கு அது பெரிய கேலி.

கல்யாணமான மறு வருடம், மதினி பிள்ளை உண்டாகியிருந்தபோது, அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் சிலேட்டை வாங்கி, "மீனுக்கும் குரல்வளை கிடையாது" என்று எழுதிக் காட்டினான். சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதேன். மகளின் ஞானஸ்நானத்தில் சாமியார் பெயர் கேட்டபோது, அவன் சொல்ல வேண்டியதை மதினிதான் சொன்னாள். பிள்ளைக்கு மூன்று வயது ஆகுமுன் அவன் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், அப்பா எப்படிப் பேசுவார் என்று பிள்ளை கேட்க ஆரம்பித்தாள். இப்போது போல் ஆளுக்கொரு கைபேசியில் குரல் கிடக்கிற காலமா அது? கல்யாண வீடியோவிலும் முழுக்கச் சினிமாப் பாட்டு. "இம்புட்டு கேசட்டுல ஒரு வார்த்தை கூடவா இருக்காது?" என்று மதினி பெட்டியை இறக்கினாள். சாயந்திரம்தோறும் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். முனகல், தட்டல், பல் சத்தம். எதிலும் அவன் இல்லை. அவ்வளவு ஒழுங்கு அவனுக்கு. அந்த ஒழுங்கின் மேல் வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

பெட்டி காலியாகப் போகிற நேரத்தில், ஒரு கேசட்டில் மீன்களுக்கு நடுவே திடீரென்று பெண்குரல். வீட்டுக்கு வந்த புதிதில், சத்தம் போடக்கூடாது என்று தெரியாமல் மதினி அடுப்படியிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். "ஏங்க, சோறு ஆறுது. செத்த வாரீகளா?" உடனே டக்கென்று பொத்தான் அமுங்கும் சத்தம். பிறகு மறுபடியும் மீன்கள். ஒரு தும்மல் விழுந்தாலே முதலிலிருந்து எடுக்கிறவன், இதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறான். மதினி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"அப்பா என்னம்மா சொன்னாங்க?" என்றாள் பிள்ளை.

மதினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு, அண்ணன் இழுக்கும் அதே இழுப்போடு சொன்னாள்: "இந்தா வாரேன் புள்ள."