நூல் நூலாத் தெரியற லென்ஸ்

இன்னிக்கு பெருமாநல்லூர்ல ஒரு பனியன் கம்பெனி. ஃபாரின் பையருக்கு அனுப்ப டி-ஷர்ட் போட்டோ எடுக்கணும்.

என்கிட்ட இருக்கிறதுலயே எனக்குப் புடிச்ச மேக்ரோ லென்ஸை மாட்டுனேன். நூல் நூலாத் தெரிஞ்சுது. கூடவே, துணி பின்னும்போது ஊசி பழுதாகி விழுந்த கோடும் மேலிருந்து கீழ வரைக்கும் பளிச்சுனு தெரிஞ்சுது.

ஓனர் போட்டோவை ஏத்துன என் லேப்டாப்பையே பாத்துட்டு நின்னார். மொத்த ஆர்டரும் தைச்சு பேக்கிங் ஆயிருச்சாம்.

"ஏனுங்க தம்பி, இத்தனை தெரியாத லென்ஸ் ஏதும் கொண்டாரலீங்களா?"

"இல்லீங்க."

அவரே ஃபோன்ல எடுத்து வாட்ஸப்ல அனுப்பினார். கோட்டையே காணோம். ரெண்டு நிமிஷத்துல பையர் ஓகே பண்ணிட்டாங்க.

எனக்கு டீ குடுத்து, "நாளைக்கும் வந்துருங்க. அந்த லென்ஸ் மட்டும் ஊட்லயே இருக்கட்டுங்க"ன்னார்.

சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

பூஞ்சை புடிச்சு மங்கலாத் தெரியற லென்ஸ் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. நல்லாப் புடிச்சிருக்கணும்.