சலவைக்கூடத்தில் ஓடிய சீரியல்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சின்னத்திரை என்றுதான் கூப்பிடுவோம். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆள் என் தோள் உயரம்தான் இருப்பாள். குரலை மட்டும் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, அத்தனை மிஷின் சத்தத்தையும் தாண்டி மூலைக்கு மூலை கேட்கும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிகள் எங்களிடம் வரும். படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி. மதியம் தொடங்கி இரவு வரை எங்கள் ஷிப்ட். துவைத்த விரிப்பு ஈரத்தோடு ரோலருக்குள் போய், அந்தப் பக்கம் சுடச்சுட, ஒரு சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். அதை நானும் சின்னத்திரையும் மடிப்போம். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்போம். உதறுவோம். நெருங்கி வந்து முனையோடு முனை சேர்ப்போம். மறுபடி விலகுவோம். நாள் முழுக்க அவள் முகத்துக்கு எதிரே என் முகம்.

ரோலரை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சூடு இறங்கிவிடும், மறுபடி ஏறுவதற்குள் துணி மலைபோல் குவிந்துவிடும். அதனால் இடைவேளையை ஒவ்வொருவராகத்தான் எடுப்போம். ஏழு மணி இடைவேளை யாருக்கும் பிடிக்காது. டீ குடித்து முடித்திருப்போம், பசியும் எடுத்திருக்காது. சின்னத்திரை புதிதாக வந்தவள் என்பதால் அதை அவள் தலையில் கட்டினார்கள். அவள் வாயைத் திறக்காமல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் இருந்த காவலாளி அண்ணன் அறைக்குப் போனாள். அந்த நேரத்தில் தலையணை உறைகளை மட்டும் ரோலரில் விடுவார்கள். அவற்றை நான் தனியாகவே மடித்துவிடுவேன்.

காவலாளி அறையில் ஒரு குட்டி டிவி இருந்தது. ஏழு மணிக்கு அதில் அந்த சீரியல் வரும். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மூத்த மருமகள், இளைய மருமகள் கதை. மூத்தவள் வாய்க்காரி. இளையவள் அழுத்தக்காரி. அப்போது யார் கையிலும் படம் பார்க்கிற போன் கிடையாது. சீரியல் வாரநாளில் மட்டும்தான், எங்களுக்கு லீவோ ஞாயிற்றுக்கிழமை. அதனால் எங்களில் வேறு யாராலும் பார்க்க முடியாது.

முதல் நாள் திரும்பி வந்தவளிடம், ரோலருக்குத் துணி விடுகிற அக்கா சும்மா கேட்டு வைத்தாள். "என்னடி, அங்க டிவி ஓடுதா? என்ன போட்டான்?"

சின்னத்திரை சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அவள் சொல்கிற விதமே மடிப்பதோடு சேர்ந்துதான் வரும். விலகி நிற்கும்போது எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்வாள். விரிப்போடு என்னை நோக்கி நடந்து வரும்போது குரல் இறங்கும். முனையோடு முனை சேரும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுவாள். மடித்ததை மேசையில் வைத்து, அடுத்த விரிப்பை எடுத்து உதறுகிறவரை வாய் திறக்க மாட்டாள்.

"அந்த சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லித் தொலையேண்டி!" என்று ரோலர் அக்கா கத்துவாள்.

"விரிப்பு வரட்டும்கா. நீங்கதான் துணிய மெதுவா விடுறீங்க."

ரோலர் அக்கா வேகமாக விடுவாள். எங்கள் ஷிப்டில் மட்டும் வேலை எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று காலை ஷிப்டுக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஆரம்பத்தில் அந்த சீரியல் உண்மையிலேயே நன்றாக இருந்ததாம். ஓர் அலமாரிச் சாவிக்காக இரண்டு மருமகள்களும் ஒரு மாதம் மல்லுக்கட்டினார்கள். எங்களுக்கு ஒரு நாள்கூட சலிக்கவில்லை. மாமனார் செத்த அன்று பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரி முத்திரை மேலே தெரிகிறமாதிரி மடிக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்தில் முதல் பாடம். அன்றைக்கு ஒரு வண்டி முழுக்க முத்திரை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர் மேடம்தான் பேசினார்.

"மன்னிக்கணும் சிஸ்டர். இங்க ஒரு சாவு."

"அடடா, யாருக்கு?"

மேடம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் வேண்டியவர்" என்றார்.

வருஷங்கள் போயின. சீரியல் முடிகிற வழியைக் காணோம். வெளியே எல்லோரும் அதைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் இருந்த இயக்குநர் போய்விட்டார், நடிகர்கள் மாறிவிட்டார்கள், கதையை ரப்பராக இழுக்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எங்கள் கூடத்தில் மட்டும் யாருக்கும் குறை இல்லை. புதிதாகக் கல்யாணமாகி வேலைக்கு வந்த ஒரு பெண், அங்கிகளை இஸ்திரி போடுகிறவள், ஒரு நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"எங்க மாமியார் அந்த சீரியல் இப்ப கண்றாவியா இருக்குன்னாங்க. நான் விடல. மூத்த மருமக திருந்திட்டாளே, வீட்டு வாசல்லயே பேக்கரி போட்டுட்டாளே, அது நல்லா இல்லையான்னு கேட்டேன். 'எப்ப போட்டா?'ன்னாங்க. 'நீங்க அடுப்பப் பாக்கப் போயிருப்பீங்க'ன்னேன். அதுலேர்ந்து மனுஷி ஏழு மணிக்கு அடுப்ப அணைச்சிட்டு உக்காந்திருக்காங்க. இன்னும் பேக்கரி வந்த பாடில்ல!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னத்திரையும் சிரித்தாள். ஆனால் அவள் பிடித்திருந்த முனை கையிலிருந்து நழுவியது. அவள் கையிலிருந்து விரிப்பு நழுவி நான் பார்த்ததே இல்லை.

அதற்குச் சில வாரம் முன்னால், இடைவேளை முடிந்து வந்தவள் முகம் வாடியிருந்தது. என்ன அக்கா என்று கேட்டேன். "ஒன்னுமில்ல. அரை மணி நேரமும் ஒருத்தி படியிலேர்ந்து விழுந்துக்கிட்டே இருந்தா. இன்னும் தரைக்கு வந்து சேரல" என்றாள். அப்புறம் விரிப்பை உதறிக்கொண்டு எல்லோருக்கும் சொன்ன கதையில் படியே இல்லை. பேக்கரிக்கு அடுப்பு வாங்குவதற்காக மூத்தவளும் இளையவளும் முதல் தடவையாக ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். யார் டிக்கெட் எடுப்பது என்று ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டது அவ்வளவு நன்றாக இருந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் மேடம் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவர்போல் நின்றார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம சீரியல் கடைசி நாளாம். பேப்பர்ல போட்டிருக்கான். இத்தனை வருஷம் காதாலயே பார்த்தோம். அன்னைக்கு ஏழு மணிக்கு ரோலர நிறுத்துறோம். கேன்டீன்ல பெரிய டிவி ஏற்பாடு பண்ணிட்டேன். எல்லாரும் உக்காந்து பாக்குறோம்!"

கூடமே ஆரவாரம் செய்தது. சின்னத்திரை மட்டும், "ரோலர நிறுத்துனா சூடு போயிடுமே மேடம்" என்றாள்.

"போகட்டும்."

"ஆஸ்பத்திரிக்கு விரிப்பு பத்தாமப் போயிட்டா?"

"உனக்கேண்டி அந்தக் கவலை? ஆஸ்பத்திரிய நீயா கட்டின?" என்றாள் ரோலர் அக்கா.

அன்று துணி மாற்றுகிற அறையில் அவள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"உனக்குத் தெரியும்ல?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"எப்படியும் உன் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறேன். தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். முதல்ல கொஞ்சமாத்தான் மாத்தினேன். விஷம் குடிச்சிட்டான்னா, டீ குடிச்சான்னு சொன்னேன். அப்புறம் அங்க ஞாபகமறதி, இரட்டைப்பிறவி, முகத்த மாத்துற ஆபரேஷன்... அதையெல்லாம் எப்படி உங்ககிட்ட வந்து சொல்றது? வெக்கமா இருந்துச்சு. இப்ப வெள்ளிக்கிழமை எல்லாரும் பாத்துட்டா, இத்தனை வருஷம் புளுகினவன்னு ஆயிடுவேன். நாளைக்குக் குழாய்ல தண்ணி வரலன்னு சொன்னாக்கூட ஒருத்தியும் நம்ப மாட்டா."

பிறகு, "வீட்டுல நான் பேசுனா டிவி சத்தத்தக்கூடக் குறைக்க மாட்டாங்க. அவரும் அவர் தம்பிங்களும் எப்பவும் விளையாட்டுதான் போடுவாங்க. இங்கதான் நான் வாயத் தொறந்தா ஆளுங்க திரும்பிப் பாக்குறாங்க" என்றாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ரோலர் நின்றதும் கூடத்தில் விழுந்த அமைதியில் எங்கள் காதே அடைத்துப்போனது. கேன்டீனில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேடம் முதல் வரிசை. சின்னத்திரை கடைசியில், கதவை ஒட்டி. நான் அவள் பக்கத்தில். காவலாளி அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

சீரியல் ஆரம்பித்தது. ஒருத்தி கட்டிலில் கண் மூடிக் கிடந்தாள். கதவு திறந்தது. ஒருவன் உள்ளே வந்தான். இடி இடித்தது. கட்டிலில் கிடந்தவள் முகம், வந்தவன் முகம், சுவரில் மாட்டியிருந்த மாமனார் படம். மறுபடி இடி. மறுபடி அதே மூன்று முகம்.

"யாரு இவ?" என்றார் மேடம்.

"இளையவ எங்க? பேக்கரி எங்க? இவன் ஏன் துப்பாக்கி வெச்சிருக்கான்?" மேடம் திரும்பினார். "சேனல் மாத்தி வெச்சிட்டீங்களா?"

சின்னத்திரை எழுந்து நின்றாள். "சேனல் இதுதான் மேடம். பேக்கரி... டிவியில இல்ல. நான் சொன்னது."

டிவியில் மறுபடி இடி இடித்தது.

"ஐயோ, உக்காருடி" என்றாள் ரோலர் அக்கா. "அது எங்களுக்குத் தெரியாதா? என் தங்கச்சி வீட்டுல தினமும் பாக்குறா. அவ சொல்ற கதையும் நீ சொல்ற கதையும் ஒட்டவே ஒட்டாது. முதல்ல அவளுக்குத்தான் காது கேக்கலன்னு நெனச்சேன்."

"எங்க மாமியார் ஏழு மணிக்கு அடுப்ப அணைச்சுப் பாத்தாங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம்தான்" என்றாள் இஸ்திரிக்காரப் பெண். "அக்கா சங்கடப்படுவாங்கன்னு வெளிய சொல்லல."

இன்னொருத்திக்குப் போன வருஷமே தெரியுமாம். இன்னொருத்திக்கு அதற்கும் முன்னாலேயே. அவளவள் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரிந்துவிடாமல் காப்பாற்றி வந்திருக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. காவலாளி அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிக்காதவர் மேடம் மட்டும்தான். அவர் தங்கியிருந்த விடுதியில் டிவி கிடையாது. "அப்போ நிஜமாவே பேக்கரி இல்லையா?" என்றார். "வெளியூர்ல இருக்குற எங்கக்காவுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணி சொல்றேனே! அவ ஊர்ல இந்த சேனலும் வராது. அந்த பேக்கரி நல்லா ஓடணும்னு அவ வேண்டிக்கிட்டிருக்காடி!"

"நல்லாத்தான் ஓடுது மேடம்" என்றாள் சின்னத்திரை. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

ரோலர் அக்கா எழுந்து போய் டிவியை அணைத்தாள். "இன்னும் நேரம் இருக்கு. டீயும் இருக்கு. முன்னால வந்து சொல்லு."

"கடைசி நாள்கா. முடிவு எதுவும் யோசிக்கல."

"முடிவா? சேனல்காரன் முடிச்சா முடிச்சுக்கட்டும். நம்மள ஏன் முடிக்கச் சொல்றே?"

கையில் விரிப்பு இல்லாமல் அவள் கதை சொன்னது அன்றுதான். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகும் எங்கள் சீரியல் ஓடியது. எப்போதும் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுக்கும் சரக்கு தீர்ந்துபோகும். ஒரு தடவை பேக்கரிக்கு இரண்டாவது கிளை திறக்கிறேன் என்று ஆரம்பித்து, சுவருக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதிலேயே மருமகள்கள் நாள்கணக்கில் நின்றார்கள். எதிரே நின்ற எனக்கே கொட்டாவி வந்தது. அவள் அதைப் பார்த்தாள். ரோலர் அக்காவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

"இன்னைக்கும் பெயிண்டா? இதுக்கு அந்த இடி இடிக்கிறவனே தேவல!"

தலையணை உறை ஒன்று பறந்து வந்து சின்னத்திரையின் தோளில் விழுந்தது. இன்னொன்று. டிவிக்காரனுக்கு இந்த பாக்கியம் இல்லை. அவன் சீரியல் கெட்டுப்போனபோது அவன் மேல் உறையை வீச யாருமில்லை.

"சரி சரி, பெயிண்ட் காஞ்சாச்சு!" என்று கத்தினாள் சின்னத்திரை. "நாளைக்குக் கடை திறப்பு!"

"திறப்புக்கு யார் யாரைக் கூப்பிடுறா? எங்கக்காவுக்கு நான் சொல்லணும்" என்று உள் அறையிலிருந்து மேடம் தலையை நீட்டினார்.

"அந்த இளையவளோட அம்மாவக் கூப்பிடக் கூடாது" என்றாள் இஸ்திரிக்காரப் பெண்.

"ஏன் கூப்பிடக் கூடாது? பெத்தவள விட்டுட்டா கடை திறப்பாங்க?" என்றாள் ரோலர் அக்கா.

ஷிப்ட் முடிகிறவரை அந்தச் சண்டை ஓயவில்லை.