மோரியைக் கொத்த வச்ச கதை

எங்க வீட்டுக்காரரு கால் ஒடிஞ்சு ஆசுபத்திரியிலேருந்து வந்தன்னைக்குத்தான் எங்க வீடு எவ்வளவு பொல்லாத வீடுன்னு எனக்குத் தெரிஞ்சது. அறுபதுகள்ல தாராவியில எல்லாரும் இருந்த மாதிரி நாங்களும் ஒத்தை அறையிலதான் இருந்தோம். அதுலயே ஒரு மூலையில கல்லு பதிச்ச மோரி. குளிக்கிறது, துணி துவைக்கிறது, ஏனம் கழுவுறது எல்லாம் அந்த மூணடி இடத்துலதான். வருசக்கணக்காத் தண்ணி ஓடி அந்தக் கல்லு வழுவழுன்னு கெடந்தது. நல்ல காலு உள்ள நாங்களே சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்போம்.

அவரு வேலை பாத்தது தோல் பட்டறையில. நனைஞ்ச தோலைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சுண்ணாம்புத் தொட்டி ஓரமா வரும்போது, கீழ கெடந்த தோல்துண்டு வழுக்கி விழுந்து வலது தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. கட்டுப் பிரிச்ச டாக்டர், "இன்னொரு தடவை விழுந்தா இந்தக் கால் அவ்வளவுதான்"னு கையை விரிச்சுட்டாரு. பட்டறை முதலாளி எங்க ஜில்லாப் பக்கத்து பாய், தங்கமான மனுசன். "உக்காந்து தோல் தரம் பிரிக்கிற வேலை வச்சிருக்கேன். நடந்து வரச் சொல்லும்மா, அது போதும்"னாரு.

அந்த நேரம் பாத்து ஊர்லேருந்து இவரோட அண்ணன் வந்து இறங்கினாரு, எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறதுக்குன்னே. "குளிக்கக்கூட ஒருத்தர் தூக்கணும். இவன் இனிமே என்ன வேலைக்குப் போவான்? ஊருக்கு வாங்க, கஞ்சியோ தண்ணியோ குடிச்சுக்கிட்டுக் கெடப்போம்"னாரு. நல்ல எண்ணந்தான். ஆனா எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. முப்பது வயசு ஆம்பளையை ஒரு மூலையில போட்டுக் கஞ்சி ஊத்துறதுக்குப் பேரு வாழ்க்கையா? இவரு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அதுதான் என்னை ரொம்பச் சுட்டது.

"அத்தான், ஒரு வாரம் பொறுங்க. இவரு தன்னால எந்திச்சுத் தன்னால குளிச்சுட்டு வரட்டும். வரலைன்னா நானே பெட்டியைக் கட்டுதேன்"னு சொல்லிட்டேன்.

தாழ்ந்த கட்டில்லேருந்து அவரால எந்திக்க முடியல. நாலு காலுக்கும் செங்கல் வச்சு உசத்தினேன். பிடிச்சுக்கக் கூரை விட்டத்துலேருந்து ஒரு கயிறு தொங்கவிட்டேன். மிச்சம் மோரிதான். தோல் பட்டறைக்காரங்க வீட்டுல எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம். கதவு ஆடினா தோல்துண்டு, வாளி ஒழுகினா தோல்துண்டு. நானும் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு தடிச்ச எருமைத்தோலை, சொரசொரன்னு இருக்கிற பக்கம் மேல வர்றாப்புல மோரியில விரிச்சேன். காஞ்சிருக்கும்போது நல்லாத்தான் இருந்தது. மறுநா காலையில ரெண்டு செம்பு தண்ணி ஊத்தினதும் வெண்டைக்காய் நறுக்கின கையாட்டம் கொழகொழன்னு ஆயிடுச்சு. வச்ச காலு போன இடம் தெரியல. குடத்தோட நான் மல்லாந்து கெடக்கேன்.

கட்டில்லேருந்து சிரிப்புச் சத்தம். ரெண்டு மாசத்துக்கப்புறம் மொதல் சிரிப்பு. "கூறுகெட்டவளே, தோல் வழுக்கித்தானே என் காலு போச்சு. அதையே கொண்டாந்து விரிச்சிருக்கியே"ன்னாரு. எனக்கு இடுப்பு வலி ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். அவரு அண்ணன் மட்டும் சிரிக்கல. "இனிமே ரெண்டு பேரையும் தூக்கணும் போல"ன்னுட்டு டிக்கெட் எடுக்கக் கெளம்பிட்டாரு. மூணு டிக்கெட்.

ஆத்திரத்தோட அம்மியில தேங்காய் அரைக்க உக்காந்தேன். அந்தச் சவமும் தேஞ்சு போய், தேங்காய் அரைபடாம நழுவிக்கிட்டே இருந்தது. அம்மி தேஞ்சா என்ன செய்வோம்? ஆள் கூப்பிட்டுக் கொத்துவோம். கையை உதறிட்டு எந்திச்சேன்.

எங்க சந்துக்கு உளியும் சுத்தியலுமா அம்மி கொத்த வர்ற மராத்திக்காரம்மா ஒருத்தி உண்டு. மோரியைக் காட்டி, இதைக் கொத்துன்னேன். "பாகல் ஹை க்யா?"ன்னு என்னை மேலயும் கீழயும் பாத்தா. பைத்தியந்தான், நீ கொத்துன்னேன். டக்குடக்குன்னு சத்தம் கேட்டுச் சந்தே வாசல்ல கூடிடுச்சு. "ஏளா, மோரியிலயா மசாலா அரைக்கப் போற?"ன்னா அடுத்த வீட்டுக்காரி. "ஆமா, உன்னை வச்சுத்தான் அரைக்கப் போறேன்"னேன். கல்லுப்பொடி பறக்க, இண்டு இடுக்கு விடாம, மோரிப் படி வரைக்கும் கொத்திக் குடுத்துட்டுத்தான் போனா அந்த மகராசி. தண்ணி ஊத்தி, சோப்பையும் தேச்சு, மேல ஏறி நின்னு பாத்தேன். வேணும்னே உடம்பை ஒரு ஆட்டு ஆட்டினேன். காலு கல்லைப் பிடிச்சுக்கிட்டது.

ரயிலுக்குப் போற நாள் வந்துடுச்சு. காலையிலேயே அண்ணன் வாசப்பக்கம் பெட்டிமேல உக்காந்திருக்காரு. இவரு கயித்தைப் பிடிச்சு எந்திச்சு, கம்பை ஊனிக்கிட்டு மோரிக்குள்ள போய்த் திரையை இழுத்து விட்டுக்கிட்டாரு. தண்ணி விழுற சத்தம். ஒரு செம்பு, ரெண்டு செம்பு. அப்புறம் டங்குன்னு செம்பு கீழ விழுந்து உருண்டது. அண்ணன் எந்திச்சு ஓடி வந்தாரு. அதுவரைக்கும் அவரு முன்னால நான் நிமிந்து நின்னதில்ல. அன்னைக்குக் குறுக்க கையை நீட்டிட்டேன். "போகாதீங்க அத்தான்"னேன். என் உசிரு என்கிட்ட இல்ல. உள்ள இவரு குனிஞ்சு மூச்சு வாங்குற சத்தம் கேட்டது. பெறகு மூணாவது செம்பு தண்ணி விழுந்தது.

தலை சொட்டச் சொட்டத் திரையை விலக்கிட்டு வந்து நின்னாரு. "அண்ணே, நீ மட்டும் போயிட்டு வா. நான் திங்கக்கெழமை பட்டறைக்குப் போறேன்"னாரு.

அண்ணன் தன் தம்பியோட காலையே பாத்துக்கிட்டு நின்னாரு. தோளைத் தட்டிக் குடுத்துட்டு, துண்டால கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. நான் அடுப்படிக்குத் திரும்பினேன். ரெண்டு நாள் ரயிலுக்குப் புளிச்சோறு கட்டணும்ல. ஒரே ஒரு ஆளுக்கு, நல்லெண்ணெயைத் தாராளமா ஊத்தி, மனசாரக் கட்டினேன்.